மணிக்கு 350 கி.மீ. வேக ரயிலுக்கு 5ஜி சிக்னல் வடிவமைப்பது எப்படி?

பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் ஓடும் ரயில்களின் வேகம் இது. நொடிக்கு 97 மீட்டர். அலைவரிசை 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டாப்ளர் விலகல், அதாவது ரயிலின் ஓட்டத்தால் சிக்னலின் அதிர்வெண் மாறுவது. வேகத்தை அதிர்வெண்ணால் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால் சுமார் 1,134 ஹெர்ட்ஸ். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். போன், ஏற்கெனவே விலகி வந்த சிக்னலைப் பார்த்துத்தான் தன் அதிர்வெண்ணைச் சரிசெய்துகொள்கிறது. அது திருப்பி அனுப்புவது மறுபடியும் விலகுகிறது. ஆகவே அப்லிங்கில், அதாவது போனிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு (சிக்னல் கோபுரத்துக்கு) வரும் திசையில், அது காண்பது 2,268 ஹெர்ட்ஸ்.

அடுத்து ஆன்டெனாக்கள். ரயிலிலுள்ள நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் ஹேண்டோவர், அதாவது ஒரு செல்லின் (ஆன்டெனா எல்லையின்) பிடியிலிருந்து அடுத்ததற்கு மாறுவது, கேட்டால், போன்கள் நெட்வொர்க்கில் நுழையும் அணுகல் சேனல் திணறிவிடும். அதனால் தண்டவாளத்தை ஒட்டி 500 மீட்டருக்கு ஒன்றாக ரேடியோ யூனிட்டுகளை நிறுத்தி, பலவற்றை ஒரே செல்லாக இணையுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு யூனிட்டுகளுக்கு நடுவே போகும் போனுக்கு முன்னாலிருந்து +1,134, பின்னாலிருந்து −1,134 ஹெர்ட்ஸ் என இரண்டும் சேர்ந்தே வரும். இதை ஒரே திருத்தத்தால் போக்க முடியாது.

5ஜி தரவைப் பல குறுகிய அலைகளாகப் பிரித்து அனுப்புகிறது; அவைதான் துணைச்சுமப்பிகள். அவற்றின் இடைவெளியைத் தீர்மானிப்பது இந்த நிலைமைதான். 15 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் துணைச்சுமப்பிகள் ஒன்றுக்கொன்று குறுக்கிட்டு, சிக்னல் தரம் 17 டெசிபலைத் தாண்டாது. டிரான்ஸ்மிட்டர் சக்தியைக் கூட்டினாலும் பயனில்லை. 30 கிலோஹெர்ட்ஸில் அந்த உச்சம் 23 டெசிபல். 60இல் 29 கிடைக்கும். ஆனால் சைக்ளிக் பிரிஃபிக்ஸ், அதாவது தாமதமாக வரும் சிக்னலைத் தாங்க விடும் காப்பு நேரம், 1.2 மைக்ரோநொடியாகச் சுருங்கிவிடும். 500 மீட்டர் பாதை வித்தியாசத்துக்கே 1.7 மைக்ரோநொடி தேவை. எனவே 30 கிலோஹெர்ட்ஸையே எடுங்கள். அதன் பிரிஃபிக்ஸ் 2.3 மைக்ரோநொடி.

சேனலின் நிலையை அளக்க உதவும் முன்கூட்டியே தெரிந்த சிக்னல்களான பைலட்டுகள் அதிகபட்சம் 0.44 மில்லிநொடிக்கு ஒருமுறை வர வேண்டும். இரைச்சலைத் தாங்க அதில் பாதி இடைவெளி நல்லது. 14 சிம்பல் (ஒருமுறை அனுப்பும் தரவுத் துணுக்கு) கொண்ட ஸ்லாட்டில் (நேரத் துண்டில்) 2, 7, 11ஆம் இடங்களில் வைத்தால் போதும். ஸ்லாட்டின் தொடக்கத்தில் மட்டும் வைத்தால் கடைசி சிம்பல்களில் சேனல் மதிப்பீடு பழையதாகி, அங்கேதான் பிழைகள் குவியும்.

அணுகல் சேனலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் 1.25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட வடிவத்தில் 2,268 ஹெர்ட்ஸ் விலகல் வந்தால், போனின் சிக்னல் எப்போது வந்தது என்று காட்டும் தொடர்புறவு உச்சி இடம்மாறும். பேஸ் ஸ்டேஷன் தவறான நேரத் திருத்தம் கொடுக்கும். போன் உள்ளே நுழைய முடியாது. அதிக விலகலைத் தாங்கும் சிக்னல் வரிசைத் தொகுப்பான ரெஸ்ட்ரிக்டட் செட் டைப் பி தேர்ந்தெடுங்கள், அல்லது 5 கிலோஹெர்ட்ஸ் வடிவத்துக்கு மாறுங்கள். டைப் ஏ இங்கே போதாது.

ரேடியோ யூனிட்டைத் தண்டவாளத்திலிருந்து 50 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். அந்தத் தொலைவிலேயே ரயில் கடக்கும்போது விலகல் நொடிக்கு 2,200 ஹெர்ட்ஸ் வேகத்தில் மாறுகிறது. 10 மீட்டரில் அது 11,000. கூடவே, மிக அருகில் வைத்தால் அலை பெட்டியின் சன்னலைச் சாய்வாக உரசிப்போகும், உள்ளே இறங்குவது குறைவு.

நடைமேடையில் நிற்பவர்களின் போன்களுக்கு டாப்ளரே இல்லை. அவர்களை இந்தச் செல்லில் சேர்க்காமல் வேறு அலைவரிசைக்கு அனுப்பிவிடுங்கள்.