கோடை வானிலை முன்னோட்டத்தை வேலூரிலிருந்து படிப்பது எப்படி?

இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடைக்கான முன்னோட்டத்தைப் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் இறுதியிலும் வெளியிடுகிறது. அதிலுள்ள நாட்டு வரைபடத்தில் வட தமிழகம் சிவந்திருந்தால், ‘இந்த ஆண்டு வேலூரில் 45 டிகிரி’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். அந்த நிறம் வெப்பத்தின் அளவைக் குறிப்பதன்று. பருவத்தின் சராசரி வெப்பநிலை நீண்டகால இயல்பைவிடக் கூடுதலாக இருப்பதற்கு எத்தனை விழுக்காடு வாய்ப்புண்டு என்பதையே அது சொல்கிறது.

அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளுக்குத் தனித்தனி வரைபடங்கள் உண்டு. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலூர்க்காரர்கள் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மரமில்லா மலை என்று ஊரைக் கேலி பேசுவார்களே, அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுவதால், காகிதப்பட்டறை போன்ற மலையடிவாரத் தெருக்களில் கல்நார் கூரையின்கீழ் படுப்பவர்களுக்கு நள்ளிரவு கடந்தும் புழுக்கம் அடங்குவதில்லை. உடல் இரவிலும் குளிராவிட்டால் மறுநாள் வெயிலைத் தாங்கும் திறன் குறைகிறது. எனவே குறைந்தபட்ச வெப்பநிலை கூடும் என்று வரைபடம் காட்டினால், மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது போன்ற வேலைகளை மார்ச்சிலேயே முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது வரைபடம் வெப்ப அலை நாட்களைப் பற்றியது. சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருந்தாலோ, இயல்பு எதுவாயினும் 45 டிகிரியை எட்டினாலோதான் அது வெப்ப அலையாகக் கொள்ளப்படும். கத்திரி வெயில் நாளொன்றின் இயல்பு 39 என்று வைத்துக்கொண்டால், 43 டிகிரி அடித்தாலும் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே, அறிவிப்பில் அந்தச் சொல் இல்லை என்பதற்காக நண்பகலில் கட்டட வேலைக்கோ தோல் தொழிற்சாலைக்கு லாரியில் சுமை ஏற்றவோ ஆட்களை அனுப்புவது தவறு.

பருவ முன்னோட்டத்தை வைத்து நாட்களைத் திட்டமிட முடியாது. அதற்கு அடுத்த சில வாரங்களுக்காக வியாழன்தோறும் வரும் நீட்டிக்கப்பட்ட கால முன்னறிவிப்பையும், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கையையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலில் புயல் உருவாகி வடக்கே திரும்பினால் நாம் மழையை எதிர்பார்க்கக் கூடாது. 2019-இல் ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்த ஃபானியைப் போன்ற புயல்கள் ஈரக்காற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள, ஆந்திர உட்பகுதியிலிருந்து வறண்ட காற்று நம்மேல் வீசும். கடற்காற்றும் கடலோரம் தாண்டி நம்மூர்வரை எளிதில் வந்து சேராது.

மாலை இடிமழை வேறு கதை. பகல் சூட்டில் எழும் மேகம் சில மணி நேரத்தில் சூறைக்காற்றாக மாறி, குடியாத்தம் பகுதி மாந்தோப்புகளில் காயை உதிர்த்துவிட்டுப் போகும். இதற்கு மூன்று மணி நேரத்துக்கான மாவட்டவாரி எச்சரிக்கையே உதவும். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. இடி கேட்டவுடன் புளியமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

பிற மாநிலங்களின் நிலவரம் நமக்கெதற்கு என்று விடவும் முடியாது; கம்மவான்பேட்டை போல வீட்டுக்கொருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. ராஜஸ்தானிலும் தில்லியிலும் வறண்ட அனல்காற்றும் புழுதிப்புயலும், வங்காளத்தில் கால்பைசாகி என்னும் இடிப்புயலும், உத்தராகண்டின் பைன் காடுகளில் தீயும் இக்காலத்தின் இடர்கள். விடுமுறையில் வடக்கே செல்வோர் அந்தந்த மாநில மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும்: மஞ்சள் கவனிக்க, ஆரஞ்சு தயாராக இருக்க, சிவப்பு உடனே செயல்பட.

காட்டுத்தீ நமக்கும் புதிதன்று. அமிர்தி, ஜவ்வாது மலைச்சரிவுகளில் சருகு காய்ந்து கிடக்கும் மாதங்கள் இவை. மலையில் புகை தென்பட்டால் வனத்துறைக்கோ 101-க்கோ தெரிவியுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெயிலில் ஒருவர் வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அவரை நிழலுக்கு மாற்றி, ஈரத்துணியால் உடலைத் துடைத்தபடியே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.