ஐஸ் ஹொக்கி மனேஜர்: பயிற்சி கொடுத்தே ரீமைக் கெடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள்ளும் ஐஸ்கிறீம் கடையிலும்தான். ஆனாலும் கனடாவில் இருக்கும் மச்சான்மாரின் புண்ணியத்தில் ஒரு ரீமை நாமே நடத்தும் ஐஸ் ஹொக்கி மனேஜர் என்ற ஒன்லைன் கேமை ஆடும் பெடியள் இங்கேயும் உண்டு. புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் வேலை, ரீம் முழுவதற்கும் பயிற்சியை உச்சத்தில் வைப்பது.

இந்த வகைக் கேம்களில் பெரும்பாலும் மட்ச்சும் பயிற்சியும் ஒரே சக்தியைத்தான் தின்னும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்ச் ஒன்றுக்கு 12 புள்ளி, கடும் பயிற்சிக்கு நாளுக்கு 6 போகிறது, ஓய்வில் நாளுக்கு 8 திரும்புகிறது என்று வைப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்ச் என்றால் இரண்டு நாளில் செலவு 24, வரவு 16. 100 இல் தொடங்கியவன் இரண்டு கிழமையில் 44க்கு வந்துவிடுவான். பயிற்சியை 2 ஆகக் குறைத்தால் வரவும் செலவும் சரி. எண்கள் கேமுக்குக் கேம் மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் திறன் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், களைத்த நட்சத்திரம் சாதாரண ஆளிடம் பந்தை, மன்னிக்கவும், பக்கை (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலான தட்டையான வட்டு) பறிகொடுப்பான்.

முதல் லைனையே, அதாவது ஒன்றாக இறங்கி ஒன்றாக வெளியேறும் வீரர் கூட்டத்தையே, விடாமல் ஆடவிடுவதும் இதே பிழைதான். நிஜ ஆட்டத்தில் ஒரு லைன் ஏறத்தாழ 45 செக்கனில் வெளியே வந்துவிடும். நான்கு லைன் வைத்திருப்பதே அதற்குத்தான்.

கோலியை (கோல் காப்பவரை) மாற்றாமல் ஓட்டுபவர்களுக்கு கிராண்ட் ஃபூரின் கதையைச் சொல்லலாம். 1995-96 பருவத்தில் செயின்ட் லூயிஸ் அணிக்காக 79 மட்ச் ஆடினார், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் அது சாதனை. பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் முதற்சுற்றில் ரொறொன்ரோ வீரர் ஒருவர் மேலே விழுந்து முழங்கால் போய்விட்டது. அது களைப்பால் வந்த காயம் அல்ல. ஆனால் அன்றைக்கு இரண்டாவது கோலிதான் போய் நிற்கவேண்டியிருந்தது. உங்கள் இரண்டாவது கோலி பருவம் முழுக்க பெஞ்சிலேயே இருந்திருந்தால்?

கடும் பயிற்சி இளையவர்களுக்குப் பலன் தரும், முப்பது தாண்டியவர்களுக்கு ஓய்வுதான் பெரிது. காயம் ஆறமுதல் இறக்காதீர்கள்.

அப்புறம் நேரம். சேர்வர் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடினால், அங்கே நள்ளிரவு நடக்கும் பயிற்சிக் கணக்கு நமக்குக் கோடையில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. ஆகவே மாற்றங்களைப் படுக்கப்போகுமுன் சேவ் செய்துவிடுங்கள். விடிய எழும்பிச் செய்தால் அடுத்த நாள் கணக்கில்தான் சேரும்.