‘பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது?’: தாறுமாறான இதயத்துடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இரவுப் பணியில், புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் இ.சி.ஜி. தாளை என்னிடம் நீட்டி, “எஸ்.வி.டி.தான் சார், பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். எஸ்.வி.டி. என்பது இதயத்தின் மேலறைப் பகுதியில் பிறக்கும் வேகத்துடிப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல் வந்தது. இ.சி.ஜி. கம்பி (லீட்) கழன்றிருப்பதைக் கவனிக்காதது, குளிர் நடுக்கத்தை வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் (கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) என்று எண்ணிப் பதறுவது போன்றவற்றைக் கேஷுவாலிட்டியின் முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அகன்ற அலையை எஸ்.வி.டி. என்று தீர்மானிப்பது

வேகமாகவும் சீராகவும் ஓடும் துடிப்பில், கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலை 0.12 விநாடிக்கு மேல், அதாவது தாளில் மூன்று சிறு கட்டங்களுக்கு மேல், அகன்றிருந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை அது வி.டி.தான், இதயத்தின் கீழறையில் பிறக்கும் வேகத்துடிப்புதான். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அப்படித்தான் இருக்கும். முன்பே மாரடைப்பு வந்தவரென்றால் ஐயத்துக்கு அநேகமாக இடமே இல்லை. இதைத் தேர்வில் எழுதாதவர் எவருமில்லை. ஆனால், நோயாளி தானே நடந்து வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால், எழுதியது மறந்துபோகிறது.

எனக்கு மறந்துபோன அன்று வந்தவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஐம்பது வயது கடந்தவர். அதிகாலை மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, கட்டில்வரை தானே நடந்தார். நாடி 180, பி.பி. 120/80. வி.டி. என்றால் இப்படிப் பேசிக்கொண்டிருப்பாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஏபரன்சியுடன் (மின்கடத்தல் பிறழ்வால் அலை அகல்வது) கூடிய எஸ்.வி.டி. என்று கேஸ் ஷீட்டில் எழுதி, எஸ்.வி.டி.க்குப் போடும் வெரபமில் 5 மி.கி. ஊசியைப் போட்டேன். அவருடைய மனைவி துணிக்கடைப் பை ஒன்றை மார்போடு அணைத்தபடி கால்மாட்டில் நின்று, “டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று கையமர்த்தினேன். இரண்டு நிமிடங்களில் பி.பி. 60க்கு இறங்கிப் பேச்சு குழறி, கண்கள் மேலே செருகின. நல்லவேளையாக, மூத்த செவிலியர் நான் சொல்லாமலேயே டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி) பேடுகளை ஒட்டி வைத்திருந்தார். 100 ஜூலில் சிங்க் செய்த, அதாவது துடிப்போடு நேரம் பொருத்திய, ஒரே ஷாக்கில் துடிப்பு சீரானது. அதன் பிறகே அந்தப் பையைத் திறந்தேன். ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஸ்டென்ட் அட்டை, இதயத்தின் பம்ப் திறன் 30 விழுக்காடு என்ற எக்கோ தாள், எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. (நம்மூரில் மருத்துவக் கோப்புகள் பத்திரமாக இருக்கும் இடம் துணிக்கடைப் பைதான். பை வந்துவிட்டால் பாதி நோயறிதல் வந்துவிட்டது.)

வி.டி.யில் பி.பி. நிற்பதும் விழுவதும் துடிப்பின் வேகத்தையும் இதயத்தசையில் மிச்சமிருக்கும் வலுவையும் பொறுத்தவை. துடிப்பு எங்கே பிறக்கிறது என்பதை பி.பி. சொல்லாது. வெரபமிலோ ரத்தக்குழாய்களை விரித்து, ஏற்கெனவே தளர்ந்த தசையின் சுருக்கத்தை மேலும் குறைக்குமே தவிர, பழைய மாரடைப்புத் தழும்பைச் சுற்றி ஓடும் வி.டி.யை நிறுத்தாது. வெரபமிலுக்கு அடங்கும் ஒரு வகை வி.டி. இளைஞர்களிடம் உண்டே என்று உடனே யாராவது வாதிடுவார்கள். உண்டுதான்; அதை உறுதிசெய்வது இதயநோய் நிபுணரின் வேலை, அதிகாலை மூன்று மணிக்கு நம்முடைய வேலையன்று.

மேலறைகளின் மின்தூண்டலைக் காட்டும் பி அலைகள் கியூ.ஆர்.எஸ்.ஸோடு தொடர்பின்றித் தம் போக்கில் செல்வது, வி1 முதல் வி6 வரையுள்ள மார்பு லீடுகளில் எல்லா அலைகளும் ஒரே திசையில் நிற்பது, கழுத்துச் சிரையில் இடையிடையே பெரிய அலை பீறிட்டெழுவது ஆகியவை வி.டி.யின் பக்கம் வலுவாகச் சாய்க்கும் அடையாளங்கள். அவை தென்படாததால் வி.டி. இல்லை என்று ஆகிவிடாது. பி.பி. நிலையாக இருந்தால், பேடுகளை ஒட்டிவிட்டு துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 150 மி.கி.யைப் பத்து நிமிடங்களில் ஏற்றலாம், பி.பி. சரிந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டாலோ, மருந்துக்குக் காத்திராமல் ஷாக் கொடுக்க வேண்டும். அகன்ற அலை ஒழுங்கின்றியும் மிக வேகமாகவும் வந்தால் அடினோசின், வெரபமில் இரண்டையும் தொடவே கூடாது.

சென்ற மாதத்து இரவில், மருந்து ஏற்றித் தயாராக இருந்த சிரிஞ்சை அந்தப் பயிற்சி மருத்துவரின் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டேன். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

அடினோசினை மணிக்கட்டில் போடுவது

எஸ்.வி.டி.யை நிறுத்தப் போடும், பத்து விநாடிக்குள் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து அது. மணிக்கட்டின் சிறு ஊசிவழி மெதுவாகச் செலுத்திவிட்டு, “அடினோசின் வேலை செய்யவில்லை” என்று எழுதுவது நியாயமன்று. முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, 6 மி.கி. ஒரே தள்ளல், உடனே 20 மி.லி. சலைன். அதற்கும் முன்னால், 10 மி.லி. சிரிஞ்சைப் பதினைந்து விநாடி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களை 45 பாகைக்கு உயர்த்திப் பிடியுங்கள். 2015இல் வெளியான ஆய்வில், இவ்வாறு செய்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் துடிப்பு சீரானது. கால்களை உயர்த்தாத வழக்கமான முறையில் அது 17தான்.

சிங்க் பட்டன்

பெரும்பாலான இயந்திரங்களில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் அது அணைந்துவிடும். மீண்டும் அழுத்துங்கள்.

நேர்கோட்டுக்கு (துடிப்பே இல்லாத இ.சி.ஜி.க்கு) ஷாக்

கூடாது.

அட்ரோபினையே நம்பியிருப்பது

மேலறையின் மின்தூண்டல் கீழறைக்கு எட்டாத முழு ஹார்ட் பிளாக்கில், அதிலும் அலை அகன்றிருந்தால், துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் பெரும்பாலும் கைகொடுக்காது. முதல் ஊசி போடும்போதே பேசிங்குக்கு (கருவிகொண்டு மின்தூண்டல் தந்து துடிக்கவைப்பதற்கு) ஏற்பாடு நடக்க வேண்டும். துடிப்பு மந்தமாக இருக்கும் இளவயதினர் வாந்தியுடன் வந்தால், மஞ்சள் அரளி விதையைப் பற்றித் தனியே அழைத்துக் கேளுங்கள். அதன் நச்சு இதய மருந்தான டிஜாக்சினைப் போன்றது, முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிடாமல், ஒரு நாளாவது மானிட்டரில் வைத்திருக்க வேண்டும்.

பொட்டாசியத்தை மறப்பது

அலை மிக அகன்று, பி அலை காணாமல் போய், வேகமும் இல்லையென்றால், அமியோடரோனை எடுக்குமுன் சட்டைக் கையை மேலே தூக்கி, டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் மிகுந்துவிட்ட பொட்டாசியம்தான் காரணமென்றால், கால்சியம் குளுக்கோனேட் ஏறும்போதே மானிட்டரில் அலை ஒடுங்குவதைக் கண்ணால் காணலாம். அந்தப் பலன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரைதான் நிற்கும்; அதற்குள் டயாலிசிஸ் பிரிவில் ஆளை எழுப்பியிருக்க வேண்டும்.