ஜெராய் ஏறுமுன்: நேரம், சப்பாத்து, தண்ணீர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், குருண் தோட்டங்களில் எங்கே நின்றாலும் ஜெராய் மலை கண்ணில் படும். உயரம் 1,217 மீட்டர்தான். ஆனால் நம் நாட்டு மலைகளில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது உயரம் அல்ல. காட்டுப் புழுக்கமும் மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும் இடிமழையும்தான். அதனால் முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம்; ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இது குளிர்நாட்டுக் கணக்கு. வேரும் சேறும் உள்ள நம் காட்டுக்கு அதில் பாதியைக் கூட்ட வேண்டும். 6 கிலோமீட்டர் பாதை, 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் நாலேகால் மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் பசியாறிவிட்டுக் கால் எடுத்து வைத்தால் பதினொன்றே காலுக்கு உச்சி. 12 மணிக்குள் உச்சி எட்டாவிட்டால், அது கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். மாலை ஆறரைக்கே காட்டுக்குள் இருட்டிவிடும். பகல் நடைக்கும் தலைவிளக்கு கட்டாயம்.

காலுக்கு, பால்மரம் வெட்டுபவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும். 'அடிடாஸ் கம்போங்' என்று கேட்டால் சீனர் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அடியில் உள்ள குமிழ்கள் சேற்றைக் கவ்வும். ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. உள்ளே புகுந்தால் கவிழ்த்துக் கொட்டிவிடலாம். ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த பந்து விளையாட்டுக் காலுறையோடு போடுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும். கணுக்காலுக்கு இதில் பிடிமானம் கிடையாது. முதுகில் 10 கிலோவுக்கு மேல் சுமந்து பல நாள் நடப்பவர்கள் உயரமான பூட்ஸ் வாங்குவதே நல்லது.

ஆறு மணி நேர நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல், பிறகு தடுமாற்றம் என்று வளரும். உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு கொண்டுபோய், உறையில் போட்ட அளவுப்படி கலக்குங்கள்.

அட்டை கடித்தால் பிய்க்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். ஒல்லியான முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. வழுக்கும்போது கண்ட செடியைப் பிடிப்பதுதான் மோசம். பிரம்புக் கொடியின் முள் உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

ஆற்றைக் கடக்குமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் மாறினால் அது 'கெப்பாலா ஆயிர்', அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். பையை, செருப்பை எல்லாம் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். நீர் வடிய எத்தனை மணி ஆனாலும் இக்கரையிலேயே இருங்கள்.

புதியவர்கள் முதலில் தோட்டத்துக் குன்றுகளில் 5 கிலோ பையோடு வாரம் இரண்டு முறை ஏறி இறங்கிப் பழகலாம். இறக்கத்தில்தான் முழங்கால் பலப்படும். அடுத்தது ஜெராய். 2,187 மீட்டர் தாஹானுக்குப் பல நாள் சுமையும் வழிகாட்டியும் வேண்டும். 4,095 மீட்டர் கினபாலு வேறு விஷயம். அங்கே மூச்சு வாங்கும், உச்சியில் விறைக்கும் குளிர். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே போகாமல் கீழே இறங்குவதே மருந்து. வனக் காப்பகப் பாதைகளுக்கு மாநில வனத்துறையின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காட்டாற்றில் இறங்கியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருந்தால் சீக்கிரம் மருந்து தொடங்க அது உதவும்.