நிலக்கரிக் காட்டு மரப்பட்டையை வீட்டிலேயே வார்க்கலாம்

காசிமேட்டில் கொடுவா வாங்கினால், செதில் சுரண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசை செருகி நிற்கும். 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பின்னாளில் புதைந்து நிலக்கரியாக மாறிய சதுப்புக் காட்டில் நின்ற ஒரு மரமும் ஏறக்குறைய இப்படித்தான் போர்த்தியிருந்தது. லெபிடோடென்ட்ரான் என்ற அதன் பெயருக்குக் கிரேக்கத்தில் செதில் மரம் என்றே பொருள். 30 மீட்டருக்கு மேல் வளர்ந்த அந்தத் தண்டில் கட்டை கொஞ்சம், பட்டைதான் அதிகம்.

எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துக்கு வரும் கரியில் தேடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒடிசாவிலிருந்து வரும் கரி அதற்குப் பிந்திய பெர்மியன் காலத்தது. குளோசோப்டெரிஸ் என்ற வேறு தாவரக் கூட்டத்தின் மிச்சம். செதில் மரப்பட்டை பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கக் கரிப்படுகைகளில் கிடைப்பது. ஆகவே நமக்கு வார்ப்புதான் வழி.

தேவையானவை: ஒரு கிலோ களிமண் (கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்), அரைக் கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அழிக்கும் ரப்பர், பிளேடு, கோணி ஊசி, கொஞ்சம் அட்டை.

முதலில் முத்திரை. ரப்பரை 2 செ.மீ. உயரம், 1 செ.மீ. அகலத்தில் சாய்சதுரமாக வெட்டுங்கள். முகத்தின் விளிம்புகளைச் சீவி, நடுவில் மேடாக, சின்னத் தலையணை போல ஆக்குங்கள். இலை ஒட்டியிருந்த மெத்தை இது; பட்டையில் வெளியே புடைத்து நிற்கும்.

அடுத்து களிமண்ணை இரண்டு விரல் தடிமனில் தட்டி, முத்திரையை நெட்டுக்குத்தாக வைத்து அழுத்துங்கள். எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கோலம் போடுபவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: நேர்ப்புள்ளி கூடாது, ஊடுபுள்ளி வேண்டும். இரண்டு சாய்சதுரங்களின் இடுக்கில்தான் அடுத்த வரிசையின் முனை இறங்க வேண்டும். முதல் தடவை நான் வரிசை பிடித்து அழுத்தியதில் குளியலறைச் சுவர் ஓடுதான் வந்தது. மேலிருந்து கீழாகத் தழும்புகள் வரிசை கட்டுவது சிகில்லேரியா என்ற உறவுக்கார மரத்தின் வழக்கம். அதன் பெயரே லத்தீனில் முத்திரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

குழிகள் நிறைந்த இந்தக் களிமண்தான் அச்சு. பட்டை சேற்றில் பதிந்து, சேறு இறுகிப் பாறையானதும் கிடைப்பது இதுதான். அந்தக் குழியில் வேறு மண் நிறைந்து கெட்டியானால் அது வார்ப்பு. புத்தகத்தில் படித்தபோது குழம்பிய விஷயம், கையில் மண் ஒட்டியதும் விளங்கிவிட்டது.

சுற்றி அட்டையால் வரப்புக் கட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டம்ளர் பிளாஸ்டர் மாவைத் தூவுங்கள். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். மெதுவாகக் கலக்கி, தோசை மாவுப் பதத்தில் ஊற்றுங்கள். பலகையை அடியில் தட்டினால் காற்றுக் குமிழி மேலே வந்துவிடும். இறுகும்போது சூடேறும், கையை உள்ளே விடாதீர்கள். மிச்சக் கலவையைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிளம்பருக்குக் கூலி கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் களிமண்ணை உரியுங்கள். பிளாஸ்டர் சற்று ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு மெத்தையின் மேல்பாதியிலும் கோணி ஊசியால் சின்னத் தழும்பு ஒன்றைக் கீறி, அதற்குள் மூன்று புள்ளி வையுங்கள். நடுப்புள்ளி இலைக்கு நீர் போன நாளம். பக்கத்து இரண்டும் காற்று நிறைந்த திசு. தோலுரிந்த பட்டைகளில் இந்தப் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். எனவே சோம்பல்பட்டு விட்டுவிட்டாலும் தப்பிக்கச் சாக்கு உண்டு.

ராயபுரத்துக் கடற்காற்றில் காய எனக்கு மூன்று நாள் பிடித்தது. பிறகு கரித்தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பள்ளங்கள் கறுத்து, சுரங்கத்துக் கல் போலவே ஆகிவிடும். பின்புறம் 'வார்ப்பு' என்றும் செய்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். என்னுடையதை எழுதாமல் அலமாரியில் வைத்தேன். வந்த உறவினர் ஒருவர் விலை கேட்டார்.