உங்கள் பெயரைத் தேடினால் வருவது யார்? பழைய கணக்கில் மாட்டிக்கொண்ட மாணவர்களுக்கு ஒரு செய்முறை

உள்ளகப் பயிற்சிக்காக இணையவழியில் நடந்த நேர்முகப் பரீட்சை அது. மட்டக்களப்பில் வீட்டு மேசையில் நான், கொழும்பில் தன் அலுவலகத்தில் அந்த அதிகாரி. பேச்சு நன்றாகத்தான் போனது. முடியும் நேரத்தில் தன் திரையை எனக்குக் காட்டி, "இது நீங்களா?" என்று கேட்டார். என் பெயர், அதன் பின்னால் 'ஏஞ்சல்', என் பாடசாலையின் பெயர், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரடிப் பொம்மை. கீழே, தரம் எட்டில் படிக்கும்போது ஒரு தோழியைத் திட்டி நான் எழுதிய நான்கு வரிகள், ஊரே பார்க்கும்படி. நான்தான் என்றேன். இடம் கிடைக்கவில்லை. அந்த வரிகள்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தோழியின் கண்ணில் அவை இத்தனை ஆண்டுகளாகப் பட்டுக்கொண்டே இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்னும் வலிக்கிறது.

அந்தப் பழைய பேஸ்புக் கணக்கை அகற்ற எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் பலருக்கும் இப்படி ஒரு கணக்கு எங்கோ திறந்து கிடக்கிறது. அவர்களுக்காகவே எழுதுகிறேன். கணக்குத் திறப்பதும் படம் ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றைச் சொல்லப் போவதில்லை.

முதலாவது படி: அந்நியராக நின்று தேடுங்கள்

உங்கள் கைத்தொலைபேசியில் வழக்கம்போலத் தேடினால் கூகுள் உங்களை அறிந்துகொண்டே பதில் தரும். குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து தேடுங்கள். முடிந்தால் கணினியில் செய்யுங்கள். இந்த வேலை முழுவதற்குமே செயலியை விடக் கணினி உலாவிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. செயலியில் பாதி அமைப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடியே களைத்துப்போவீர்கள்.

நம் பெயர்களை ஒருமுறை தேடினால் போதாது. என் பெயரில் வரும் 'த' என்ற எழுத்தைப் பிறப்புச் சான்றிதழில் டீ, எச் என இரண்டு ஆங்கில எழுத்துகளாகவும், உயர்தரச் சான்றிதழில் டீ மட்டும் போட்டும் எழுதியிருக்கிறார்கள். தந்தையின் பெயர் சில இடங்களில் முதலெழுத்தாக முன்னே நிற்கும். சில இடங்களில் முழுப் பெயராகப் பின்னே வரும். ஆகவே தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனை முறை, பிறகு பாடசாலையின் பெயரைச் சேர்த்து ஒருமுறை தேடுங்கள். பாடசாலைப் பெயரைச் சேர்த்துத் தேடியபோதுதான் என் கரடிப் பொம்மை வெளியே வந்தது. வந்தவற்றின் இணைப்புகளை எல்லாம் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: கடவுச்சொல் மறந்துபோன பழைய கணக்கு

என்னை ஏழு வாரம் அலைக்கழித்தது இந்தப் படிதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

2014இல் செங்கலடியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வைத்து என் மச்சாள் எனக்கு அந்தக் கணக்கைத் திறந்து தந்தாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பேஸ்புக் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்காது என்பதால், பிறந்த ஆண்டை 1995 என்று போட்டாள். கொடுத்த எண், அப்போது அம்மாவிடம் இருந்த சிம் அட்டையின் எண். மின்னஞ்சல் முகவரி எதுவும் கொடுக்கவில்லை. இந்த மூன்றுமே பின்னால் எனக்குச் சுவர்களாக நின்றன.

முதலில், கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்ற வழியில் போனேன். குறியீடு அம்மாவின் பழைய எண்ணுக்குப் போனது. அந்த சிம் பாவனையில் இல்லாமல் செயலிழந்து, எண் இப்போது யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அடுத்து, அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அட்டையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கணக்கில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். என் அட்டையில் 'ஏஞ்சலும்' இல்லை, 1995உம் இல்லை. இரண்டு தடவையும் நிராகரிக்கப்பட்டது. பிறகு நண்பிகள் பதினைந்து பேரைக் கொண்டு போலிக் கணக்கு என்று முறையிடச் செய்தேன். அதிலும் பயன் கிடைக்கவில்லை. இப்போது யோசித்தால் அது சரியான வழியும் இல்லை; அந்தக் கணக்கு போலி இல்லையே, அது நான்தானே.

வழி பிறந்தது களுவாஞ்சிகுடியில், சின்னம்மாவின் அலுமாரியில். நான் ஓ.எல். படித்த காலத்தில் பாவித்த கைத்தொலைபேசி திரை வெடித்த நிலையில் அங்கே கிடந்தது. சார்ஜ் போட்டு, குரோமைத் திறந்து, அமைப்புகளுக்குள் கடவுச்சொல் நிர்வாகி என்ற பகுதிக்குப் போனேன். சேமித்து வைத்த கடவுச்சொல் அங்கே அப்படியே இருந்தது. பேஸ்புக்கைப் பொறுத்தவரை இன்னொரு உண்மையும் உண்டு: முன்பு உள்நுழைந்த கருவியிலிருந்து முயன்றால், அது நம்மை நம்புவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே புதிய கைத்தொலைபேசியில் மோதிக்கொண்டிருக்காமல், முதலில் வீட்டில் உள்ள பழைய கைத்தொலைபேசிகளையும் டேப்களையும் தேடி எடுங்கள். பழைய கருவி தொலைந்துவிட்டதா? அப்போது பாவித்த கூகுள் கணக்கு கையில் இருந்தால், கணினியில் அந்தக் கணக்கின் கடவுச்சொல் நிர்வாகியைத் திறந்து பாருங்கள். ஒத்திசைவு இயங்கியிருந்தால் அங்கேயும் இருக்கும்.

உள்ளே போனதும் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் இன்றைய மின்னஞ்சலைச் சேருங்கள். பழைய எண்ணை அகற்றுங்கள். பிறகு 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்பதைக் கொடுங்கள். அப்பம்மாவோடு நான் இருக்கும் ஒரே படம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. அந்தத் தோழிக்கும் அங்கிருந்தே ஒரு செய்தி எழுதினேன். அதன் பிறகுதான் நிரந்தர நீக்கத்தைக் கொடுத்தேன். கொடுத்த நாளிலிருந்து 30 நாட்கள் காத்திருப்பு உண்டு. அதற்குள் மனம் மாறினால் உள்நுழைந்து நிறுத்தலாம். எல்லாத் தரவும் முழுமையாக அழிய 90 நாட்கள் வரை ஆகலாம் என்று பேஸ்புக்கே சொல்கிறது.

கணக்கு போன பிறகும் கூகுளில் அதன் நிழல் சில நாட்கள் தெரியலாம். காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றுவதற்கென்று கூகுளிடம் ஒரு படிவம் இருக்கிறது. நீங்கள் குறித்து வைத்த இணைப்பை அதில் ஒட்டி அனுப்புங்கள்.

இந்த அனுபவத்தால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு நான் இப்போது குறுஞ்செய்தியை நம்புவதில்லை. குறியீடு தரும் செயலியையே பாவிக்கிறேன். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, சான்றிதழ்கள் உள்ள கோப்பில் வைத்திருக்கிறேன். சிம் கைமாறலாம், அந்தத் தாள் கைமாறாது.

மூன்றாவது படி: இப்போதுள்ள கணக்கு

இது அரை மணி நேர வேலை. பேஸ்புக் அமைப்புகளில் பழைய பதிவுகளின் பார்வையாளர்களை மட்டுப்படுத்தும் வசதி உண்டு. அதை அழுத்தினால், எல்லோருக்கும் திறந்திருந்த பழைய பதிவுகள் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். ஒரே அழுத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெளித் தேடுபொறிகள் உங்கள் பக்கத்துக்கு இணைப்புத் தருவதையும் அங்கேயே நிறுத்தலாம். பெயரைத் திருத்துவதாக இருந்தால் எழுத்துக்கூட்டலை நன்றாக யோசித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த 60 நாட்களுக்கு மீண்டும் மாற்ற முடியாது.

யார் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவாதீர்கள். அந்தத் தகவலை பேஸ்புக் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்தச் செயலிகளுக்கு வேண்டியது உங்கள் கடவுச்சொல்.

நான்காவது படி: மற்றவர்கள் ஏற்றிய உங்கள் படங்கள்

நம் ஊரில் ஒரு கல்யாணம் நடந்தால், மணமகளின் தோழிகளாக நின்ற எல்லோருடைய முகமும் மறுநாளே ஸ்டூடியோவின் பக்கத்தில் இருக்கும். யாரும் நம்மிடம் கேட்பதில்லை. என் மச்சாளின் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று ஒரு ஸ்டூடியோவின் விளம்பரமாகப் பல மாதங்கள் ஓடியது. கீழே முன்பின் தெரியாதவர்களின் கருத்துகள். இது தவறு என்பதைக் கோபமாகவே சொல்கிறேன். பணம் கொடுத்தவர் மணமகளின் தந்தை. படத்தில் நிற்கும் இருபது பெண்களின் சம்மதத்தையும் சேர்த்து அவர் விற்றுவிடவில்லை.

டேக்கை நீக்கினால் படம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, உங்கள் பெயரோடு உள்ள இணைப்பு மட்டுமே அறும். படத்தை எடுக்க வேண்டியவர் ஏற்றியவர்தான். பொது இடத்தில் கருத்து எழுதிச் சண்டை பிடிக்காமல், தனிச் செய்தி அனுப்புங்கள். நான் அனுப்பியது இது:

"அண்ணா, வணக்கம். உங்கள் பக்கத்தில் உள்ள கல்யாணப் படத்தில் இடப் பக்கம் இரண்டாவதாக நிற்பது நான். என் அனுமதி இல்லாமல் அது பொதுவில் இருப்பதை நான் விரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் எடுத்துவிடுங்கள், அல்லது என் முகத்தை மறைத்துவிடுங்கள். நன்றி."

எந்தப் படம், எதற்குள் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் தெளிவாக எழுதியதால்தான் வேலை நடந்தது என்று நம்புகிறேன். வியாழன் இரவே படம் போய்விட்டது. இனி வருபவற்றுக்காக, டேக்குகளை நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே உங்கள் பக்கத்தில் தோன்றும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். இன்ஸ்டகிராமிலும் இதே வசதி உண்டு.

ஐந்தாவது படி: தேடுபவருக்கு ஏதாவது கிடைக்கட்டும்

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒளிந்துகொள்ளுங்கள் என்பதுதான் நம் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லப்படும் அறிவுரை. அன்பினால்தான் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தேடுபவர் உங்களைப் பற்றி எதுவும் காணாவிட்டால், உங்கள் பெயர் கொண்ட இன்னொருவரை நீங்கள் என்று எண்ணிக்கொள்வார்.

லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் போதும். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயரைப் போடுங்கள். ஸ்டூடியோவில் வெள்ளையாக்கித் தந்த கடவுச்சீட்டுப் படம் வேண்டாம். காலை வெளிச்சத்தில் வெறும் சுவரின் முன் நின்று ஒரு தோழியை எடுக்கச் சொல்லுங்கள். நம் தோல் நம் தோலாகவே இருக்கட்டும். 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதை விட, செய்த ஒரு வேலையை எழுதுங்கள். விவசாய பீட மாணவர் தன் கத்தரிப் பாத்தியில் எதை ஒப்பிட்டுப் பார்த்தார் என்று ஐந்து வரி எழுதலாம். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் பயில்பவர் ஒரு முழு உருப்படியை யூடியூப்பில் ஏற்றி இணைப்புத் தரலாம். நான் போட்டது, செங்கலடிச் சந்தை வியாபாரிகளிடம் கணக்குப் பதிவு பற்றிக் கேட்டுத் தொகுத்த எங்கள் குழுவின் ஒப்படை. அடுத்த நேர்முகப் பரீட்சையில் பாதி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள்.

பிற்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். பேஸ்புக்கைச் சுத்தம் செய்துவிட்டார். ஆனால் அவருடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸை விரிவுரையாளர் பார்த்துவிட்டார். குழு வேலைக்காக விரிவுரையாளரின் எண்ணைச் சேமித்தது நினைவில்லையாம். ஸ்டேட்டஸ் அமைப்பில் 'இவர்களுடன் மட்டும் பகிர்' என்பதைத் தெரிவுசெய்து, பத்துப் பேரை மட்டும் சேருங்கள். நான் இதை எழுத மறந்திருந்தேன்.

பிற்சேர்க்கை 2: ஒலுவில் வளாகத்தில் படிக்கும் ஒருவர் தன் தோழிக்காகக் கேட்டது இது. அந்தப் பெண்ணின் முகத்தை வேறு உடலில் ஒட்டிப் பரப்புவதாக மிரட்டுகிறார்கள். இதற்கு மேலே சொன்ன படிகள் போதாது. முதலில், எதையும் அழிக்காதீர்கள்: மிரட்டல் செய்திகளைத் தேதியும் கணக்கின் இணைப்பும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பணம் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் 'ஸ்டொப் என்சிஐஐ' என்ற இணையத்தளத்தைப் பாவிக்கலாம். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும், கைரேகை போன்ற ஓர் எண் குறியீடு மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவற்றுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். கூடவே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கணினிக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் ஒரு அக்காவிடமோ, நம்பும் விரிவுரையாளரிடமோ இன்றே சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.