பொலிஸ் மறிக்கும்போது பயத்தில் செய்துவிடுகிற தவறுகள்

இலங்கையின் வன்னியில் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ ஓடுகிற ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டினாலே நெஞ்சு படபடக்கிறது, போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளோடு வரிசையில் நின்ற சனத்துக்கு அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. காரணம் சொல்லாமல் மறிப்பது, கத்துவது, ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பிடிப்பது எல்லாம் நடக்கிறது. பிழை அவர்களுடையதுதான். ஆனால் அந்த நேரத்துப் பதற்றத்தில் நாம் செய்கிற சில காரியங்கள், பிறகு நியாயம் கேட்கப் போகும்போது நமக்கே எதிராக நிற்கின்றன.

முதலில், நிற்காமல் போவது. ஒரு குற்றமும் செய்யாத பொடியன்கூட பயத்தில் ஒழுங்கைக்குள் திருப்பி விடுவான். தயவுசெய்து வேண்டாம். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர் இருவர், பொலிஸ் சுட்ட சம்பவத்தில் இறந்துபோனார்கள், அதைப் பொலிஸார் முதலில் விபத்து என்றுதான் சொன்னார்கள். சிக்னலைப் போட்டு ஓரங்கட்டுங்கள், கை இரண்டும் தெரியட்டும், என்ன காரணம் என்று அமைதியாகக் கேளுங்கள்.

அடுத்தது விளங்காத மொழியில் கையெழுத்து. இதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம். சிங்களத்தில் ஏதோ எழுதி நீட்டுவார்கள், "சரி, விட்டால் போதும்" என்று நம் ஆட்கள் போட்டுவிடுவார்கள், அதில் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக இருந்தால் அதற்குப் பிறகு நீதவான் முன்னால் நின்று மறுப்பது பெரும் பாடு. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் வாசித்துக் காட்டுங்கள், விளங்கினால்தான் கையெழுத்து என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

லைசன்ஸை வாங்கிக்கொண்டால் தண்டச் சீட்டைக் கேட்டு வாங்காமல் நகரக்கூடாது. அந்தச் சீட்டுத்தான் 14 நாளுக்கு உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். தபாற்கந்தோரில் 14 நாளுக்குள் கட்டலாம், அது தாண்டி 28 நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதற்கும் மேல் வழக்கு. நீங்கள் செய்யாத குற்றமென்றால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், நீதிமன்றத்தில் குற்றவாளியில்லை என்று சொல்லும் வழி திறந்திருக்கிறது. காசை மடித்துக் கையில் வைப்பதும் வேண்டாம்: சட்டப்படி இலஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி, அதோடு அடுத்த முறையும் உங்கள் வண்டியைத்தான் மறிப்பார்கள். கேட்டு வெருட்டினால் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954.

எல்லாவற்றிலும் மோசமானது, அடித்தாலும் அவமானப்படுத்தினாலும் வீட்டில் வந்து பேசாமல் படுத்துவிடுவது. பொலிஸ்காரரின் சட்டையில் இருக்கிற இலக்கம், நேரம், இடம், பக்கத்துக் கடைக்காரர் பார்த்தாரா என்பதை அன்றைக்கே எழுதுங்கள். காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படி வந்தது என்று உள்ளபடி சொல்லிப் பதியுங்கள், விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம்.